ஒன்பதாம் கட்டம்

கட்டம் ஒன்பது: அனுபவம்.
நாலு விரல் அகலம் விட்டிருக்கிறார்கள்.

மேலே உள்ளதெல்லாம் எழுதியாயிற்று.
ச. ரெமிஜியுஸ், தங்கச்சிமடம்.
வயது நாற்பத்து நான்கு;
முழங்காலைக் கேட்டால் கூடச் சொல்லும்.
தற்போதைய பணி: கால்பந்து, துணைப் பயிற்சியாளர்,
தொகுப்பூதியம்.
பத்தொன்பது வருஷம் தொகுத்தும்
தொகை என்று ஒன்று ஆகவில்லை.

கீழக்கரைக்கு வர விடியலில் பாம்பன் பாலம் ஏறுவேன்.
தென்பக்கத் தண்ணீரில் வெள்ளை விழுந்தால் கச்சான்.
அன்றைக்கு உயரப் பந்து வேண்டாம்,
தரையோடு தரையாகக் கொடுங்கள் என்று
சாயங்காலம் பையன்களிடம் சொல்ல வேண்டும்.
இது அனுபவமா, பேருந்துச் சன்னலா?

மைதானம் என்பது
கல்லூரிக் கட்டடம் கட்டி முடித்தபோது
கடலுக்கு விட்ட மிச்சம்.
கோட்டைத் தாண்டினால் சீமைக் கருவேலம்.
முப்பது பந்து எழுதிக் கேட்டால் பன்னிரண்டு வரும்,
மாசிக்குள் நாலு மிஞ்சும்.
சைக்கிள் கடை நஜ்முதீன் ஒட்டித் தருவார்.
ஒட்டுப் போட்ட பந்து ஒரு பக்கமாகவே உருளும்.
அதிலேயே பழகிய கால்கள்
வெளியூரில் புதுப் பந்தைக் கண்டு கூச்சப்படும்.

தலைமைப் பயிற்சியாளர்கள் நால்வர்.
ஒருவர் விசிலோடு வந்து விசிலோடு போனார்.
ஒருவர் மடிக்கணினியில் அம்புக்குறி வரைந்தார்,
மின்சாரம் நின்றதும் வீட்டுக்குக் கிளம்பினார்.
ஒருவர் நல்லவர், சீக்கிரம் மாற்றலானார்.
நாலாமவர் போன மாதம் ஓய்வு பெற்றார்.
அதனால்தான் இந்தத் தாள்.

காரைக்குடி இறுதியாட்டத்தை எழுதலாம்.
அந்த வருஷம் அவருக்கு டெங்கு.
ஒரே ஒரு நாள்
கோட்டுக்கு வெளியே நின்று கத்துகிற ஆள் நான்.
பூஜ்யத்துக்குப் பூஜ்யம், பிறகு பெனால்டி.
கடைசியாக அடிக்கப்போகிறவனின் இடுப்பை
மூன்று ஆட்டமாகக் கவனித்திருந்தேன்,
நோட்டில் குறிப்பே உண்டு.
கோலி சதக்கைக் கூப்பிட்டு
"இடது பக்கம் பாய்" என்றேன்.
தலையாட்டினான்.
வலது பக்கம் பாய்ந்தான்.
பந்து அவன் மணிக்கட்டில் பட்டு வெளியே போனது.

என்னைத்தான் தூக்கினார்கள்.
தேவகோட்டை தாண்டி, பாதிப் பேர் தூங்கிய பிறகு
பக்கத்தில் போய் உட்கார்ந்து கேட்டேன்,
ஏண்டா?
"உங்க குரல் நடுங்குச்சு சார். நம்பல."

கோப்பை முதல்வர் அறையில் இருக்கிறது.
அடித்தட்டில் டெங்கு வந்தவர் பெயர்.
அது அநியாயம் என்று மனைவி இன்றும் சொல்வாள்.
சதக் சொன்னதை அவளிடம் நான் சொன்னதில்லை.

கட்டம் பதினொன்று: உங்களை அறிந்தவர் ஒருவர்.
சதக் தம்மாமில் கிரேன் ஓட்டுகிறான்.
நள்ளிரவில் குரல் பதிவு அனுப்புவான்,
"சார், அங்க காத்து எப்படி?
இங்க ரெண்டு நாளா ஏற விடல."
அவன் பெயரை எழுதிவிட்டேன்.
விசாரித்தால் உண்மையைச் சொல்லிவிடுவான் என்பது
எழுதி முடித்த பிறகுதான் உறைத்தது.

மறுபடி ஒன்பது.
"ஒருமுறை தவறான பக்கம் சொன்னேன்"
என்று எழுதி,
அடித்து,
"19 ஆண்டுகள்" என்று எழுதினேன்.
மூன்று விரல் அகலம் இன்னும் வெள்ளையாக இருக்கிறது.

மணி நாலே முக்கால்.
ஐந்துக்கு அலுவலகத்தைப் பூட்டுவார்கள்.
வாசலில் முதலாண்டுப் பையன் ஒருவன்,
பெயர் இன்னும் மனதில் ஒட்டவில்லை,
கக்கத்தில் சொங்கிப்போன பந்து.
"சார், பம்ப் ஊசி எங்க?"

பேனா இருந்த பையில்தான் ஊசியும்.
கொடுத்தேன். ஓடுகிறான்.
பாதி மைதானம் போய்விட்டான்,
காற்று எதிர்க்காற்று,
எழுந்து நின்று கத்துகிறேன்:
எச்சில் தொட்டுக் குத்துடா,
காய்ந்த ஊசி வால்வைக் கிழிக்கும்.